குளம்பும் குளிரும்

தலைநகரில் வாழும் நம்மவருள் பலர், ஜனவரி 26ஆம் நாள் வைகறையில் குழந்தைகளைக் கம்பளியில் பொதிந்து அழைத்துச் சென்று, குடியரசு நாள் அணிவகுப்பைக் கண்டு மகிழ்ந்திருப்பர். மூடுபனி முற்றும் விலகாத அவ்வேளையில் 61ஆம் குதிரைப்படை நடை தவறாது செல்வதைக் கண்டிருப்பர். விடுதலைக்குப் பின், பழைய சமஸ்தானங்களின் குதிரைப்படைகளை ஒன்று சேர்த்து 1953ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற படை அது. வீரர்தம் தலைப்பாகையின் எழில் கண்ணைக் கவரும். சாலையில் எழும் குளம்போசை செவியை நிறைக்கும். ஆயினும் உண்மையில் அது குளம்பின் ஓசை அன்று. குளம்பிற்கும் சாலைக்கும் இடையே நின்று தேயும் இரும்பின் ஓசை. அவ்விரும்பைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

வரலாறு எழுதுவோரும் பெரும்பாலும் இவ்வாறே செய்துவிட்டனர். அரசர்தம் முடியை அளந்து எழுதினர். அவர் ஏறிச் சென்ற குதிரையின் அடியை மறந்தனர். ஆனால் அடி தளர்ந்த போது முடியும் சாய்ந்தது என்பதற்குச் சான்றுகள் உண்டு. அவற்றுள் தலையாயது, உறைந்த நிலத்தில் குதிரையின் குளம்பைக் காக்கத் தவறிய ஒரு பேரரசனின் கதை. அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர்க் குளம்பின் இயல்பையும், அதனைக் காக்க மனிதன் கண்ட வழிகளையும் சிறிது நோக்குவோம்.

ஒரு விரலில் நிற்கும் விலங்கு

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலை ஊன்றி நிற்கும் விலங்கு. அவ்விரலின் நகமே குளம்பு. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள உடலை, நான்கு நகங்கள் தாங்கி ஓடுகின்றன என்றால் அது இயற்கையின் வியத்தகு செயலன்றோ!

குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போன்றே உணர்வற்றது. அதனால்தான் அதில் ஆணி அடித்தாலும் குதிரைக்கு நோவதில்லை. ஆனால் சுவரை அடுத்து உள்ளே, புத்தகத்தின் ஏடுகளைப் போல் அடுக்கடுக்கான மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. அவை குருதியும் உணர்வும் நிறைந்தவை. உட்புறத்து எலும்பைச் சுவரோடு பிணைத்து வைப்பவையும் அவையே. குளம்பின் அடியைத் திருப்பிப் பார்த்தால், சுவரும் அடித்தட்டும் கூடுமிடத்தில் வெளிர்நிறக் கோடு ஒன்று தெரியும். ஆணி அக்கோட்டிற்கு வெளியே நின்றால் குதிரைக்கு நலம். உள்ளே புகுந்தால் அன்றே நொண்டும். இடையே உள்ள இடம் விரல் அகலங்கூட இல்லை. லாடம் அடிக்கும் கொல்லரின் கைத்திறன் முழுவதும் அச்சிறிய இடத்திற்குள் அடங்கியிருக்கிறது.

அடித்தட்டின் நடுவே முக்கோண வடிவில் மெத்தென்ற ஒரு பகுதி உண்டு. குதிரை காலை ஊன்றும்போது அது நிலத்தின் அதிர்ச்சியை ஏற்கிறது. அடித்தட்டு தடித்திருந்தால் குதிரை கல்லிலும் அஞ்சாது நடக்கும். அது மெலிந்திருந்தாலோ, கொல்லர் அதனை அளவுக்கு மீறிச் சீவிவிட்டாலோ, ஒவ்வொரு கல்லும் முள்ளாகும். குளம்புச்சுவர் மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டரளவுகூட முழுதாக வளர்வதில்லை. குளிர்காலத்தில் வளர்ச்சி இன்னும் குறையும். முன்புறச் சுவர் மேலிருந்து கீழ்வரை புதிதாக வளர ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். ஒருநாள் செய்த பிழைக்கு ஓராண்டு காத்திருக்க நேரும் என்பதை அறிந்தவரே குளம்பைத் தொடத் தகுந்தவர்.

கல்லும் தோலும் இரும்பும்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் படைத்தலைவரான செனபோன், குதிரை வளர்ப்பைப் பற்றித் தனி நூல் இயற்றினார். அக்காலத்தில் ஆணியடித்த லாடம் இல்லை. ஆகவே அவர் குளம்பையே வன்மைப்படுத்த வழி கூறினார். ஈரமும் வழவழப்பும் உள்ள தரை நல்ல குளம்பையும் கெடுக்கும் என்றார். கையளவான உருண்டைக் கற்களைப் பரப்பி, அவற்றின்மேல் நாள்தோறும் குதிரையை நிறுத்தி வைக்கச் சொன்னார். நல்ல குளம்பு தரையில் படும்போது கைத்தாளம் போல் ஒலிக்கும் என்பது அவர் கண்ட அடையாளம். குதிரையை விலை பேசுமுன் முதலில் பார்க்கவேண்டியது அதன் கால்களையே என்பதும் அவர் அறிவுரை. அடித்தளம் சரியில்லாத வீட்டின் மேன்மாடம் எவ்வளவு அழகாயினும் பயனில்லை அல்லவா?

உரோமர் காலத்தில், குளம்பின் அடியில் வைத்து வாரால் கட்டும் இரும்புச் செருப்புகள் இருந்தன. பிரான்சிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் மண்ணுக்கடியிலிருந்து அவை கிடைத்துள்ளன. ஜப்பானியரோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் குதிரைக்கு வைக்கோலால் பின்னிய செருப்பைக் கட்டினர். அது விரைவில் தேய்ந்துபோகும். வழியில் அடிக்கடி மாற்றவேண்டும். ஆணியடித்த இரும்பு லாடம் ஐரோப்பாவில் 9, 10ஆம் நூற்றாண்டுகளிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. 11ஆம் நூற்றாண்டிற்குள் அங்கு எங்கும் பரவிவிட்டது. அதன்பின் கொல்லரின் உலைக்களம் படையின் உறுப்புகளுள் ஒன்றாயிற்று.

பொன் கொடுத்தும் பெறாத பொருள்

குதிரையைப் பற்றிப் பேசும்போது தமிழகத்தை நினையாதிருக்க இயலாது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. சோழர் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் காணப்படுகின்றனர். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்ட மாணிக்கவாசகரின் வரலாற்றை அறியாத தமிழ்க்குடும்பம் இல்லை. நம் மண்ணில் குதிரை என்றுமே வரவழைக்கப்பட்ட செல்வமாகவே இருந்தது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ கூறும் செய்தி நம்மைச் சிந்திக்க வைப்பது. அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்கினர் என்றும், ஆர்மஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வணிகர் அவற்றைக் கொணர்ந்தனர் என்றும் அவர் எழுதுகிறார். ஆனால் ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லையாம். காரணம், அவற்றைப் பேணத் தெரிந்தவர் அங்கில்லை. லாடம் அடித்து, நோய்க்கு மருந்தும் அறிந்த கொல்லர் எவரையும் அவ்வணிகர் உடன் கொணர்வதில்லை. தாமே வர விரும்புவோரையும் தடுத்துவிடுவர். குதிரைகள் மடிந்தால்தானே அடுத்த ஆண்டும் வணிகம் நடக்கும்!

இது வேற்று நாட்டார் ஒருவரின் கூற்று. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். நம் நாட்டு வெம்மையும் ஒவ்வாத தீனியும் அக்குதிரைகளின் அழிவிற்குக் காரணமாயிருக்கலாம். எனினும் அதன் உட்பொருள் தெளிவு. பொன்னால் குதிரையை வாங்கலாம். குதிரையைப் பேணும் அறிவை அப்பொன் தானே கொண்டுவந்து தராது. பாண்டியன் வெப்பநாட்டில் கற்ற இப்பாடத்தை, ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு பேரரசன் பனிநாட்டில் கற்கவேண்டியதாயிற்று.

உறைந்த நிலத்தின் இயல்பு

பனிநாட்டில் குளம்பிற்கு வரும் தீங்குகள் மூன்று. முதலாவது, நிலத்தின் கடுமை. இலையுதிர்காலத்து மழையில் சேறாகிக் கிடந்த வழி, சக்கரத் தடங்களோடும் குளம்படிகளோடும் அப்படியே உறைந்துவிடும். நேற்று மிதித்தால் அமிழ்ந்த சேறு, இன்று கூர்ங்கல்லாக நிற்கும். மெல்லிய அடித்தட்டுடைய குதிரை அதன்மேல் நடந்தால், உள்ளே குருதி கன்றிப்போகும். இதற்காகவே குளம்பிற்கும் லாடத்திற்கும் இடையே தோல் அட்டையை வைத்து அடிக்கும் வழக்கம் எழுந்தது.

இரண்டாவது, வழுக்கல். கோடையில் காலைக் காக்கும் லாடமே குளிர்காலத்தில் பகையாகும். தேய்ந்து வழவழப்பான இரும்பு, பனிக்கட்டியின்மேல் சறுக்குக்கட்டையைப் போல் ஓடும். ஆதலின் குளிர்நாட்டார் லாடத்தின் குதிப்பக்கத்து முனைகளைக் கீழ்நோக்கி வளைத்துக் கூராக்குவர். அல்லது கூரிய தலையுள்ள ஆணிகளை அடிப்பர். அம்முனைகள் பனிக்கட்டியைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் அவையும் நாலைந்து நாள் நடையில் மழுங்கிப்போகும். மீண்டும் கூர்மையாக்க உலையும் கரியும் கொல்லரும் வேண்டும்.

மூன்றாவது தீங்கு வியப்பானது. லாடத்தின் வளைவிற்குள் சிக்கும் பனித்தூள், குளம்பின் வெம்மையால் சிறிது உருகும். குளிர்ந்த இரும்பில் பட்டதும் மீண்டும் உறையும். அடிக்கு அடி அது திரண்டு உருண்டையாகும். குதிரை அப்போது பொய்க்காலில் நிற்பதுபோல் தள்ளாடும். கால் பிசகினால் நரம்பு பிறழும். இதற்குப் பழையோர் கண்ட மருந்து எளியது: புறப்படுமுன் குளம்பின் அடியில் கொழுப்பைத் தடவினர். ஒரு கை கொழுப்பு ஓர் உயிரைக் காத்தது.

1812ஆம் ஆண்டு

பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியன், 1812 ஜூன் 24ஆம் நாள் நீமென் ஆற்றைக் கடந்து ரஷ்யாவிற்குள் புகத் தொடங்கினான். அவனோடு சென்ற மனிதர் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர். அவன் குதிரைகளின் அழிவு குளிர்காலத்தில்தான் தொடங்கியது என்று எண்ணுவது தவறு. ஆற்றைக் கடந்த சில நாட்களிலேயே பெருமழையும் குளிர்காற்றும் தாக்கின. உலர்ந்த தீனியின்றி முற்றாத பச்சைப் பயிரை மேய்ந்த குதிரைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. எஞ்சியவையும் இளைத்த உடலோடும் தேய்ந்த லாடத்தோடும் செப்டம்பர் 14ஆம் நாள் மாஸ்கோ சேர்ந்தன.

அப்படையில் கோலாங்கூர் என்பவர் ஒருவர் இருந்தார். பேரரசனின் குதிரை லாயங்களுக்குத் தலைவர் அவர். அதற்கு முன் 1807 முதல் 1811 வரை ரஷ்யத் தலைநகரில் பிரான்சின் தூதராய் இருந்தவர். அந்நாட்டின் குளிரை நான்காண்டுகள் நேரில் கண்டவர். போர் வேண்டா என்றும், ரஷ்யரின் குளிர் ரஷ்யரின் பக்கம் நின்று போரிடும் என்றும் அவர் பன்முறை எடுத்துரைத்தார். ஆயினும் மாஸ்கோவில் அக்டோபர் மாதம் இதமாயிருந்தது. தெளிந்த வானையும் இளவெயிலையும் கண்ட நெப்போலியன், கோலாங்கூர் சொன்ன குளிர் எங்கே என்று நகையாடினான்.

கோலாங்கூர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. தம் பொறுப்பில் இருந்த அரண்மனைக் குதிரைகளுக்கெல்லாம் கூர்முனை லாடங்களை அடிக்கச் செய்தார். போலந்து நாட்டு வீரரும், தம் ஊர்க் குளிரை அறிந்தவராதலின், அவ்வாறே செய்துகொண்டனர். மற்றைய படைகளின் குதிரைகள் கோடைக்கு அடித்த லாடத்தோடே நின்றன.

அக்டோபர் 19ஆம் நாள் படை திரும்பியது. நவம்பர் 6ஆம் நாளையொட்டிக் கடும்பனி தொடங்கியது. அதன்பின் நடந்தது போரன்று, வழுக்கல். சமநிலத்தில் பீரங்கியை இழுத்துச் சென்ற குதிரைகள், சிறிய மேட்டிலும் ஏறமாட்டாமல் நின்றன. பீரங்கி ஒன்றுக்கு வழக்கமாகப் பூட்டும் குதிரைகளைப் போல் இருமடங்கு பூட்டியும் பயனில்லை. ஒன்று விழுந்தால் அதன்மேல் மற்றொன்று விழும். விழுந்தது எழ முயலும். ஊன்ற இடமின்றி மீண்டும் விழும். பசியால் மெலிந்த குதிரைக்கு இரண்டாம் முறை எழ வலிமை ஏது? அது கிடந்த இடத்திலேயே, உயிர் போகுமுன்னரே, பசித்த வீரர் அதன் இறைச்சியை அறுத்தெடுத்தனர். ஊர்தோறும் பீரங்கிகளும் வண்டிகளும் கைவிடப்பட்டன. வண்டியோடு உணவும், மருந்தும், காயமுற்றோரும் கைவிடப்பட்டனர். குதிரையின் கால் நின்றதும் படையின் வாயும் வயிறும் நின்றுபோயின.

இத்துயரின் உச்சம் வில்னா நகரையடுத்த போனாரிக் குன்றில் நிகழ்ந்தது. நாள், டிசம்பர் 10. நெப்போலியன் டிசம்பர் 5ஆம் நாளே படையை விட்டுப் பாரிசுக்குப் புறப்பட்டுவிட்டான். எஞ்சிய சிறுபடை அக்குன்றின் அடிக்கு வந்தது. உயரத்தில் பெரிதன்று, கோடையாயின் குழந்தையும் ஏறும். ஆனால் பாதை முழுவதும் பனிக்கட்டி. ரஷ்யா முழுவதும் இழுத்துக் காப்பாற்றிவந்த பீரங்கிகளையும், படைக்குரிய கருவூல வண்டிகளையும் குதிரைகளால் மேலேற்ற இயலவில்லை. பொற்காசுப் பெட்டிகள் வழியிலேயே உடைக்கப்பட்டன. வீரர்கள் அள்ளிய வரை அள்ளினர். பின்னே வந்த கோசாக்குகளும் அள்ளினர். சில காசு விலையுள்ள கூரிய ஆணிகள் இல்லாமையால், ஒரு பேரரசின் கருவூலம் பனியில் சிதறிற்று.

லாடம் ஒன்றே அப்படையை அழித்தது என்று கூறுவது பொருந்தாது. பசியும், தொற்றுநோயும், தொலைவும், எதிரியின் பொறுமையும் சேர்ந்தே அதனை அழித்தன. ஆயினும் தம் நினைவுக் குறிப்புகளில் கோலாங்கூர், பனிக்கேற்ற லாடம் இன்மையைப் பேரழிவின் முதன்மையான காரணங்களுள் ஒன்றாக வைக்கிறார். நெடுங்காலம் வெளிவராதிருந்து 1933ஆம் ஆண்டில் அச்சேறிய அந்நூல், பேரரசனோடு உடனிருந்து கண்டவரின் சான்று.

பின்விளைவு இன்னும் கொடியது. மடிந்த வீரருக்கு மாற்றாக நெப்போலியன் சில மாதங்களில் புதிய இளைஞரைத் திரட்டினான். குதிரைகளை அவ்வாறு திரட்ட முடியவில்லை. 1813 மே மாதத்தில் லூட்சனிலும் பவுட்சனிலும் அவன் வென்றான். ஓடும் பகைவரைத் துரத்தக் குதிரைப்படை போதவில்லை. தப்பிய பகைவர் மீண்டும் கூடினர். அக்டோபரில் லைப்சிக்கில் அவனை முறியடித்தனர். 1814 ஏப்ரலில் அவன் முடி துறந்தான்.

அதே ஆண்டில் இமயத்தில்

நெப்போலியன் மாஸ்கோவை நோக்கிச் சென்ற அதே 1812 ஆகஸ்டில், வில்லியம் மூர்கிராப்ட் என்னும் ஆங்கிலேயர், இந்துத் துறவியர் கோலத்தில் நீதிக் கணவாயைக் கடந்து மானசரோவர் ஏரிக்கரையை அடைந்தார். பிரான்சு நாட்டில் லியோன் நகரத்துக் கால்நடை மருத்துவப் பள்ளியில் பயின்றவர் அவர். உலகில் முதலாவதாக 1761ஆம் ஆண்டில் தோன்றிய பள்ளி அது. லண்டனில் குதிரை மருத்துவராய் விளங்கி, லாடங்களை எந்திரத்தால் செய்யும் முறைக்கும் உரிமை பெற்றார். 1808ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரில் பூசா என்னும் ஊரில் நடத்திய குதிரைப் பண்ணைக்குத் தலைவராக வந்தார். நல்ல குதிரைகளைத் தேடியே அவர் மலை கடந்தார். பின்னர்ப் புகாரா வரை சென்று, திரும்பும் வழியில் 1825ஆம் ஆண்டில் உயிர் நீத்தார்.

தில்லித் தமிழர்க்கு அப்பெயர் புதிதன்று. பீகாரின் அதே பூசாவில் 1905ஆம் ஆண்டில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அது இடிந்தபின், 1936ஆம் ஆண்டில் தில்லிக்கு மாற்றப்பட்டது. ஊர் பீகாரில் நின்றது. பெயர் தில்லிக்கு வந்தது. நாம் பேருந்தில் ஏறி 'பூசா ரோடு' என்று சீட்டு வாங்கிய போதெல்லாம், ஒரு பழைய குதிரைப் பண்ணையின் பெயரையே சொல்லியிருக்கிறோம்!

நாம் கொள்ளத்தக்கது

இன்று போர்க்களத்தில் குதிரை இல்லை. எனினும் குளிர்நாடுகளில் குதிரை வளர்ப்போர் பழைய அறிவை இன்னும் போற்றுகின்றனர். கூர்முனைகளை லாடத்தில் திருகி மாட்டவும் கழற்றவும் வழி கண்டுள்ளனர். பனி திரளாதபடி ரப்பர் அட்டையை வைக்கின்றனர். ஓய்வாக இருக்கும் குதிரைக்குக் குளிர்காலத்தில் லாடத்தைக் கழற்றி, வேண்டும்போது மட்டும் குளம்புக்கு ரப்பர் காலணி பூட்டுவோரும் உண்டு. எல்லாவற்றிலும் மேலாக, நாள்தோறும் காலைத் தூக்கிப் பார்த்து, சிக்கிய கல்லையும் பனியையும் நீக்குகின்றனர். கருவிகள் மாறின, காலைத் தூக்கிப் பார்க்கும் கடமை மாறவில்லை.

எண்பதுகளில் யான் தில்லிக்கு வந்த புதிதில், பழைய தில்லி ரயில் நிலையத்திற்கு அருகே டோங்காக்கள் வரிசையாய் நிற்கும். அவை பின்னர்த் தெருக்களிலிருந்து மறைந்தன. அங்கே முதியவர் ஒருவர், குதிரையின் காலைத் தம் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு லாடம் அடிப்பதை ஒரு டிசம்பர் மாலையில் நின்று பார்த்தேன். நம் ஊரில் மாட்டைக் கீழே சாய்த்து, பிளந்த குளம்பிற்கு இரண்டு தகடுகளாக அடிப்பதைக் கண்ட எனக்கு அது புதுமையாயிருந்தது. "எல்லாக் குதிரைக்கும் ஒரே லாடந்தானே?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவர் தலை நிமிராமலே, "குதிரையை மட்டும் பார்த்து அடிப்பதில்லை, பாபுஜி, அது ஓடும் தெரு எது என்று கேட்டுத்தான் அடிப்பேன்" என்றார்.

மாபெரும் படைத்தலைவன் மாஸ்கோவில் அறியாத ஒன்றை, அம்முதியவர் தெருவோரத்தில் அமர்ந்து அறிந்திருந்தார். செல்லும் நிலத்தை அறிந்தவரிடம் கேட்பதே அவ்வறிவு. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது புதிய பாடமன்று. முதற் குளிர்காலத்தில் நம் தாய்மார், பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையாரைக் கேட்டே ரஜாய் தைக்கக் கொடுத்தனர். கேட்க நாணிய வீடுகளில் குழந்தைகள் இருமிக் கிடந்தனர். இன்று நம் பிள்ளைகள் நாம் காணாத குளிர்நாடுகளுக்குப் புறப்படுகின்றனர். பெட்டியில் ஊறுகாயும் பொடியும் வைத்து அனுப்பும் நாம், "அங்குள்ளோரைக் கேட்டு நட" என்னும் ஒரு சொல்லையும் சேர்த்து அனுப்புவோமாக. அடுத்த ஜனவரியில் அக்குளம்போசையைக் கேட்கும்போது, அதன் கீழே தேய்ந்துகொண்டிருக்கும் இரும்பையும், அதனை அடித்த கையையும் ஒரு கணம் நினைப்போமாக.